விற்றவர் பெயரில் தேட வேண்டிய பாட்டி

ஆவணம் என்றாலே அது ஆண்டவர்களுடையது, அதில் நமக்கு என்ன இருக்கப்போகிறது என்று ஒதுங்கிவிடுகிறோம். சமூகவியல் படித்த காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். அமெரிக்கக் கறுப்பினக் குடும்பங்கள் தம் முன்னோரைத் தேடும் முறையைப் படித்த பிறகுதான் அந்த எண்ணம் மாறியது.

அவர்களுடைய தேடல் பெரும்பாலும் 1870இல் முட்டி நிற்கும். விடுதலை பெற்ற மக்கள் பெயரோடு எழுதப்பட்ட முதல் கணக்கெடுப்பு அதுதான். 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்குத் தனி அட்டவணை. அடிமைப்படுத்தியவரின் பெயர் இருக்கும். அதற்குக் கீழே வயது, பால், நிறம். பெண், 34, கறுப்பு. அவ்வளவுதான். 1860இல் அடிமைகளாகக் கணக்கிடப்பட்டவர்கள் ஏறத்தாழ 39.5 லட்சம் பேர்.

பெயர் வேறோர் இடத்தில் இருக்கிறது. கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம்போல ஒரு நிர்வாகப் பகுதி. அதன் நீதிமன்றக் கட்டடத்தில் உயில்கள், இறந்தவரின் சொத்துப் பட்டியல்கள், கிரயப் பத்திரங்கள், அடமானப் பத்திரங்கள் கட்டுக் கட்டாக உண்டு. மனிதர்களே சொத்து என்பதால், கைமாறும்போதெல்லாம் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது. அதற்குப் பெயர் தேவை. மாடு, கலப்பை, கட்டில் என்று போகும் வரிசையில் ஒரு தாயும் கைக்குழந்தையும். பக்கத்தில் டாலர் மதிப்பு. தலை எண்ணியவர்கள் எழுதாத பெயரை விலை போட்டவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்!

ஆனால் பத்திர அட்டவணை, விற்றவர் பெயருக்கும் வாங்கியவர் பெயருக்கும்தான். விற்கப்பட்டவருக்கு அதில் இடமில்லை. ஆகவே பாட்டியைத் தேடுகிறவர் முதலில் பாட்டியை வைத்திருந்தவனைத் தேட வேண்டும். 1870இல் குடும்பம் எங்கே இருந்தது, பக்கத்தில் பெரிய நிலக்காரர் யார், 1860 அட்டவணையில் அவர் பெயரின் கீழ் பத்து வயது குறைவாக அதே ஆட்கள் தெரிகிறார்களா என்று பார்த்து, பிறகு அவருடைய உயிலுக்குப் போக வேண்டும். அங்கே இல்லையென்றால் அவருடைய மாமனாரின் உயில். மகளுக்குச் சீதனமாக மனிதர்களையும் கொடுத்தார்கள். குடும்பப் பெயரை மட்டும் நம்பினால் வழி தவறும், எல்லோரும் எசமானின் பெயரை எடுத்துக்கொள்ளவில்லை.

லூசியானாவின் பாயின்ட் கூப்பி நீதிமன்றப் பதிவுகளில் தொடங்கிய வரலாற்றாசிரியர் குவெண்டலின் மிட்லோ ஹால், பல ஆண்டு உழைத்து ஒரு லட்சம் பேருக்கு மேற்பட்ட தரவுத்தளத்தையே உருவாக்கினார்.

நம் ஊரில் பஞ்சமி நிலம் தேடுகிறவர்களுக்கு இந்த வேலை புதிதல்ல. இப்போது பட்டா வைத்திருப்பவரின் பெயரிலிருந்துதான் அவர்களும் பின்னோக்கி நடக்கிறார்கள்.

1838இல் மேரிலாந்தின் இயேசு சபைப் பாதிரியார்கள், கடனில் தத்தளித்த ஜார்ஜ்டவுன் கல்லூரியைக் காப்பாற்ற, 272 பேரை 1,15,000 டாலருக்கு லூசியானா தோட்டக்காரர்களுக்கு விற்க ஒப்பந்தம் போட்டார்கள். விற்பனைக்குத் தேவைப்பட்டதால் ஒவ்வொரு பெயரும் அதில் எழுதப்பட்டது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் இன்றைய வாரிசுகள் பலர் கண்டுபிடிக்கப்பட்டார்கள். விற்பனையை நடத்திய மல்லெடி என்ற பாதிரியாரின் பெயரில் அங்கே ஒரு கட்டடம் இருந்தது. அந்தப் பெயரை எடுத்துவிட்டு, 2017இல் பட்டியலின் முதல் பெயரை வைத்தார்கள்: ஐசக் ஹாக்கின்ஸ். ஒப்பந்தத்தில் அவர் வெறும் ஐசக், வயது 65.