அம்பலும் அலரும்: 2023ஆம் ஆண்டில் கொங்கு நாட்டில் பரவிய வதந்தியும் மக்களாட்சியும்

கோவையினின்று ஈரோடு நோக்கிச் செல்லும் இருப்புப் பாதையில், திருப்பூருக்கு மேற்கே அமைந்த நெசவூர் சோமனூர். விசைத்தறியின் ஓசை இரவும் பகலும் கேட்கும் அவ்வூரிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் நெசவு பெரும்பாலும் கூலி முறையில் நடைபெறுகின்றது. ஜவுளி உற்பத்தியாளர் பாவும் ஊடை நூலும் தருவர். தறியுடையார் துணியாக நெய்து கொடுத்துக் கூலி பெறுவர். கூலி உயர்வு, நூல் விலை, மின் கட்டணம் ஆகிய மூன்றுமே இவ்வட்டாரத்தின் அன்றாட அரசியல் எனலாம். கிழக்கே திருப்பூரில் பின்னலாடைத் தொழில் ஓங்கி நிற்கின்றது. 2022-23ஆம் ஆண்டில் அந்நகரின் ஏற்றுமதி ஏறத்தாழ 34,000 கோடி ரூபாய். அத்தொழிலிலும் தறிக்கூடங்களிலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டு முதலிய மாநிலத்தார் பெருந்தொகையினராக உழைத்து வருகின்றனர்.

2023 மார்ச்சுத் தொடக்கத்தில் இவ்வட்டாரத்தைக் கலக்கிய ஒரு வதந்தியின் வரலாற்றை ஈண்டு ஆராய முற்படுகின்றோம். செயற்கை நுண்ணறிவு மக்களாட்சிக்கு ஊறு விளைக்கும் என்று இந்நாளிற் பலரும் எழுதுகின்றனர். அவ்வெழுத்துக்களுட் பல வருங்காலத்தைப் பற்றிய அச்சமாகவே நின்றுவிடுகின்றன. நடந்து முடிந்த ஒன்றை நுணுகி நோக்கின், கேட்டில் எந்திரத்தின் பங்கு எவ்வளவு, மனத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய வழி பிறக்கும் என்பது எம் கருத்து.

பண்டைத் தமிழர் ஊர்ப்பேச்சை அம்பல், அலர் என இருவகையாகப் பகுத்தனர். சிலர் மட்டும் அறிந்து முணுமுணுப்பது அம்பல். பலரறிய வெளிப்பட்டுப் பரவுவது அலர். திருக்குறளில் அலரறிவுறுத்தல் என ஓர் அதிகாரமே உண்டு. அகத்திணை மரபில் அலருக்கு ஒரு பயனும் கூறப்பட்டது. களவைக் கற்பாக விரைவுபடுத்துவது அது. அன்றியும், அலர் தூற்றும் பெண்டிர் யாவர், அவர்தம் நோக்கம் யாது என்பதெல்லாம் ஊரார் அறிந்தவையே. பேச்சுக்கு ஊர் எல்லையாக இருந்தது. சொன்னவரைத் தேடிச் சென்று கேட்கவும் இயன்றது. இன்றைய வதந்திக்கு இவ்விரண்டும் இல்லை.

மார்ச்சு நிகழ்ச்சிக்கு முன் சனவரியிலேயே ஒரு விதை விழுந்தது. திருப்பூரில் வெளிமாநிலத் தொழிலாளர் சிலர் உள்ளூர் இளைஞரைத் துரத்தும் காணொளி ஒன்று அம்மாதத்திற் பரவிற்று. சிறு பூசல் ஒன்றின் விளைவு அது. பூசல் நடந்ததும் உண்மை. ஆயினும் வாட்சாப் வழியே பரவிய பொழுது அது இரு குழுவினரின் சண்டையாக நிற்கவில்லை. வடவர் தமிழரை அடிக்கின்றனர் என்னும் பொதுவுரையாகப் பெருகிற்று. பிப்பிரவரியில், ஓடும் தொடர்வண்டியில் ஒருவன் வட மாநிலத்தாரை இழித்துரைத்துத் தாக்கும் காணொளி வந்தது. இருப்புப்பாதைக் காவலர் அவனைக் கைது செய்தனர். இவை இரண்டும் மெய். பின் வந்த பொய்கள் இம்மெய்களின் மேலேயே நின்றன என்பதை மறத்தலாகாது.

மார்ச்சு முதல் நாள் தமிழக முதலமைச்சர் மு. க. இசுடாலினின் எழுபதாம் பிறந்தநாள் விழா சென்னையில் நடைபெற்றது. பீகாரின் அன்றைய துணை முதலமைச்சர் தேசசுவி யாதவ் அதிற் கலந்துகொண்டார். அவ்வேளையில், இந்தி பேசியதற்காகப் பீகாரியர் தமிழ்நாட்டிற் கொல்லப்படுகின்றனர் என்றும், தம் மக்கள் மடியத் தலைவர் விழாவில் மகிழ்கின்றார் என்றும் செய்திகள் எழுந்தன. சான்றாகக் காணொளிகள் காட்டப்பட்டன. பீகார்ச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சியினர் இதனை எழுப்பிக் கூச்சலிட்டனர். அரசு நால்வர் குழு ஒன்றைத் தமிழகத்திற்கு அனுப்பிற்று. தமிழகக் காவல்துறைத் தலைவர் செ. சைலேந்திர பாபு, பரவும் காணொளிகள் இரண்டும் பொய்யாகக் காட்டப்படுவன என்று அறிவித்தார்: ஒன்று திருப்பூரில் பீகார்த் தொழிலாளர் இரு குழுவினர் தமக்குள் மோதிக்கொண்டது, மற்றொன்று கோவையில் உள்ளூரார் இருவர்க்கிடையே நிகழ்ந்தது. பின்னர் ஆராய்ந்தோர், இராசத்தானின் சோத்பூரில் வழக்கறிஞர் ஒருவர் கொலையுண்ட காட்சியும் இத்தொகுதியிற் கலந்திருந்ததைக் கண்டனர். பாட்னாவில் ஒரு வாடகை வீட்டிற் காயக்கட்டுடன் நடித்துப் படமாக்கிய காணொளி ஒன்றும் உண்டு எனப் பீகார்க் காவல்துறையே கூறிற்று.

தொழிலாளர் அஞ்சினர். ஊரிலிருந்த பெற்றோர் தொலைபேசியில் அழைத்துத் திரும்பிவரச் சொல்லினர். மார்ச்சு 8 அன்று ஓலிப் பண்டிகை வரவிருந்ததால், அச்சத்தாற் சென்றவர் எத்தனை பேர், பண்டிகைக்குச் சென்றவர் எத்தனை பேர் என்று பிரித்தெண்ணல் அரிதாயிற்று. வண்டியில் நிறைந்த கூட்டத்தின் படமே தாக்குதலுக்குச் சான்றாகவும் ஆயிற்று. வதந்தி தனக்கு வேண்டிய சான்றைத் தானே விளைவித்துக்கொள்ளும் என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு எமக்குக் கிடைக்கவில்லை. மார்ச்சு 7 அன்று முதலமைச்சரே திருநெல்வேலி மாவட்டத்துக் காவல்கிணற்றில் வெளிமாநிலத் தொழிலாளரைச் சந்தித்து அச்சம் தவிர்க்குமாறு கூற நேர்ந்தது.

வதந்தியைப் பற்றிய உளவியல் ஆராய்ச்சியில் பீகாருக்குத் தனி இடம் உண்டு என்பது பலரும் அறியாதது. 1934 சனவரி 15 அன்று அம்மாநிலத்தைப் பெருநிலநடுக்கம் சிதைத்தது. அதனை அடுத்துப் பரவிய வதந்திகளைத் தொகுத்து ஆராய்ந்த சமுனா பிரசாத் 1935இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அழிவு நேராத இடத்தாரிடையே, இனி இதனினும் கொடியது வரும் என்னும் பேச்சே மிகுந்திருந்தது. அமெரிக்க உளவியலறிஞர் இலியோன் பெசுட்டிங்கர் பிற்காலத்தில் இச்செய்தியிலேயே ஊன்றி நின்று தம் கோட்பாட்டை வளர்த்தார். அவரது நூல் 1957இல் வெளிவந்தது. அச்சம் முதலில் வருகின்றது. அதற்குத் தக்க காரணம் கண்ணெதிரே இல்லை. ஆதலின் மனம் காரணத்தைத் தேடிப் படைத்துக்கொள்கின்றது என்பது அவர் காட்டிய வழி. 2023இல் அதே மாநிலத்தில், மகனைத் தொலைவுக்கு அனுப்பிவிட்டு மொழியறியாத ஊரைப் பற்றிக் கவலையுற்றிருந்த தாய்க்கு அச்சம் முன்னரே இருந்தது. காணொளி அதற்கு உருக்கொடுத்தது. அவளைப் பேதை என்பது அறியாமை.

ஆல்போர்ட்டு, போசுட்டுமன் என்னும் இருவர் 1947இல் வெளியிட்ட நூலில், செய்தியின் இன்றியமையாமையும் அதன் ஐயப்பாடும் கூடுமிடத்தே வதந்தி வலுப்பெறும் என்றனர். இரண்டில் ஒன்று இல்லையெனினும் அது தளரும். சோமனூர்த் தறியாளருக்கு ஆள் இன்றித் தறி நின்றுவிடும் என்பது வாழ்வுப் பொருள். தொழிலாளிக்கோ உயிர்ப்பொருள். இருவர்க்கும் செய்தி இன்றியமையாதது, இருவர்க்கும் ஐயமானது. மொழி வேறுபாட்டால் ஒருவரை ஒருவர் கேட்டறியவும் இயலவில்லை. பக்கத்துத் தறியில் நிற்பவனைக் கேளாமல் ஆயிரம் கல் தொலைவிலிருந்து வந்த காணொளியை இருசாராரும் நம்பினர்.

இனி எந்திரத்தின் பங்கினை நோக்குவோம். மேற்கூறிய காணொளிகளில் செயற்கை நுண்ணறிவாற் புனையப்பட்டது என மெய்ப்பிக்கப்பட்டது எதுவும் இல்லை. அவை மெய்க்காட்சிகளுக்குப் பொய்த்தலைப்பு இட்டவை, அல்லது மனிதர் நடித்தவை. எந்திரம் வேறிடத்தில் நின்றது. எக்காட்சியை யார் திரையில் முன்னிறுத்துவது என்பதை இன்று சமூக ஊடகங்களிற் பெரிதும் முடிவு செய்வது கணிப்பொறி. எதனைக் கண்டு மக்கள் சினந்தும் அஞ்சியும் நெடுநேரம் நிற்கின்றனரோ அதனையே மேலும் காட்டுவது அதன் இயல்பு. அதற்குப் பகைமை இல்லை. பீகாரும் தெரியாது, திருப்பூரும் தெரியாது. எனினும் பழியை முழுதும் அதன்மேற் சுமத்துதல் பொருந்தாது. 2006 முதல் 2017 வரை டுவிட்டரிற் பரவிய ஏறத்தாழ 1,26,000 செய்தித் தொடர்களை ஆராய்ந்து மாசச்சூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்தார் 2018இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பொய்ச்செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு மெய்ச்செய்தியைவிட 70 விழுக்காடு மிகுதி என்பது அவர்தம் முடிவு. தானியங்கிக் கணக்குகளை நீக்கிப் பார்த்த பொழுதும் அவ்வேறுபாடு மாறவில்லை. வாட்சாப்பிலோ தெரிந்தெடுத்துக் காட்டும் கணிப்பொறியும் இல்லை. கையால் அனுப்புவோர் மனிதரே. 2018 மே மாதத்தில் பிள்ளை பிடிப்போர் வந்துள்ளனர் என்னும் வாட்சாப்ச் செய்தியை நம்பித் திருவண்ணாமலை மாவட்டத்திற் கோயிலுக்கு வந்த மூதாட்டி ஒருவரை அடித்துக் கொன்றதும் மனிதக் கைகளே.

எனினும் இன்றைய நிலை 2023ஐ ஒத்ததன்று. இதனை எம் துறைக்குரிய உவமையாற் கூறுவோம். மார்ச்சு வதந்தியை உடைத்தவர் செய்தது பாடவாராய்ச்சியே. ஏடு பார்த்துப் பதிப்பிப்போர் இடைச்செருகலைக் கண்டறிய மூலவேட்டினைத் தேடுவது போன்று, அவர்கள் காணொளியின் மூலத்தைத் தேடிச் சோத்பூரிற் கண்டனர். மூலம் கிடைத்தவுடன் பொய் வீழ்ந்தது. செயற்கை நுண்ணறிவு படைக்கும் காட்சிக்கு மூலவேடு கிடையாது. எங்கும் நிகழாத ஒன்றனுக்கு மூலம் எங்ஙனம் கிடைக்கும்? மறுப்பவன் கையிலிருந்த ஒரே கருவி மழுங்கிவிடுகின்றது. அக்கருவி இல்லாவிடத்து எஞ்சுவது, சொல்பவர் யார் என்று பார்த்து நம்புதலே. அப்பொழுது காவல்துறையின் மறுப்பு கட்சிச் சார்பென்று தள்ளப்படும். எதிர்க்கட்சியின் குற்றச்சாட்டும் அங்ஙனமே தள்ளப்படும். 2024 சனவரியில், 2018இல் மறைந்த மு. கருணாநிதி ஒரு நூல் வெளியீட்டு விழாவின் திரையில் தோன்றி வாழ்த்துரைத்தார். பிப்பிரவரியில், 2016இல் மறைந்த செ. செயலலிதாவின் குரலில் அ.தி.மு.க. ஒரு வேண்டுகோளை வெளியிட்டது. இவற்றால் ஏமாந்தவர் இலர். எந்திரத்தின் படைப்பு என அறிந்தே மக்கள் கேட்டனர். ஆயினும் பழகிய குரல் குரலுக்குரியவரின் சான்றாகாது என்னும் பாடத்தை அவை மக்களுக்குக் கற்பித்தன. இதன் மறுபக்கம் கொடிது: மெய்யாகவே பேசியவரும், அது எந்திரத்தின் குரல் என்று கூறித் தப்பலாம்.

மக்களாட்சிக்கு நேர்ந்த இழப்பு யாது? உயிரிழப்பின்றி அச்சம் அடங்கிற்றாதலின் இழப்பில்லை என்பார் உளர். அஃது எமக்கு உடன்பாடன்று. தமிழக அரசு 2023 மார்ச்சு முதல் விசைத்தறிகளுக்கு இரு திங்களுக்குரிய இலவச மின்சாரத்தை 750 அலகிலிருந்து 1,000 அலகாக உயர்த்திற்று. சோமனூரின் அன்றாட அரசியலுக்குரிய அம்முடிவு வந்ததும் இதே நாட்களில்தான். அது போதுமா, கூலி நெசவாளரைச் சேருமா என்று அவ்வட்டாரம் ஆய்ந்து பேசியிருக்க வேண்டிய வாரம் வேறொன்றிற் கழிந்தது. அவ்வாண்டு சனவரி 16 அன்று தேர்தல் ஆணையம் புலம்பெயர் தொழிலாளர் தாம் இருக்கும் ஊரிலிருந்தே வாக்களிக்கத் தக்க பொறியைக் கட்சிகளுக்குக் காட்ட முற்பட்டது, எதிர்க்கட்சிகள் ஏற்கவில்லை. அவர்தம் காரணங்களுட் சில வலியவை. ஆனால் பின்வந்த வாரங்களில் அத்தொழிலாளரைப் பற்றி நிகழ்ந்த பேச்சு வாக்குரிமை பற்றியதன்று, குருதி பற்றியது. பாட்னாவிலும் சென்னையிலும் அவர்தம் பெயரால் உரத்துப் பேசினர். அவர்க்கோ ஈரிடத்தும் வாக்குச்சாவடி எட்டாதது.

வதந்தி பரப்பினார் என்று ஒருவர்மேற் பின்னர்த் தேசியப் பாதுகாப்புச் சட்டம் ஏவப்பட்டது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அதனை நீக்கிற்று. விசாரணையின்றி அடைக்கும் சட்டத்தை வதந்திக்கு மருந்தாக்குதல் நோயினும் கொடிய மருந்து என்றே யாம் கருதுகின்றோம். 2024 மே 6 அன்று தேர்தல் ஆணையம், புனைந்த காட்சியும் குரலும் தம் பக்கங்களில் உள்ளமை தெரிய வந்தால் மூன்று மணி நேரத்தில் நீக்குமாறு கட்சிகளுக்குப் பணித்தது. கட்சிகள் தம் பெயரில் வெளியிடுவதற்கு அவ்விதி ஒருவாறு பொருந்தும். பன்னிரண்டு மணி நேர வேலை முடிந்து தறிக்கூடத்தினின்று வெளிவருபவன், ஊரிலுள்ள தன் தம்பியிடமிருந்து வந்த காணொளியைத் திறந்து பார்க்கின்றான். அதனை அனுப்பியது எந்தக் கட்சியும் அன்று.