தடை திறந்த வழி: இம்பாலில் கொரிய நாகரிகம்

இந்தியாவில் கொரிய ஆடைநாகரிகத்தின் பரவலை ஆராய்வோர் பெரும்பாலும் பெருந்தொற்றுக் கால இணையத் தொடர்களிலிருந்தே தொடங்குகின்றனர். அதன் தொடக்கம் இருபது ஆண்டுகள் முந்தியது. 2000 செப்டம்பரில், மக்கள் விடுதலைப் படையின் அரசியல் பிரிவான புரட்சிகர மக்கள் முன்னணி மணிப்பூரில் இந்தித் திரைப்படங்களுக்குத் தடை விதித்தது. மணிப்பூர்ப் பண்பாட்டைக் காப்பதே அது கூறிய காரணம். வெறுமையான திரையை அரிராங் தொலைக்காட்சி நிரப்பியது. மியான்மர் எல்லைச் சந்தையான மோரே வழியே திருட்டுக் குறுந்தகடுகளும், அவற்றின் பின்னே அத்தொடர்களின் பாணியிலான உடைகளும் இம்பாலின் கடைகளை எட்டின. முடிதிருத்தகங்களில் கொரிய நாயகர்களின் சிகையலங்காரம் நிலைபெற்றது. பெண்கள் பனெக் உடுத்தவேண்டுமென ஆயுதக் குழுக்கள் வற்புறுத்திய காலமும் ஏறத்தாழ அதுவே. முகச்சாயல் ஒற்றுமையே இவ்விருப்பத்துக்குக் காரணம் என்னும் விளக்கம் போதாது. அச்சாயல் 2000க்கு முன்னரும் இருந்ததுதானே. அன்று இம்பால் இளைஞர்கள் பார்த்தவை பம்பாய்ப் படங்கள்.