பெட்டிகளில் போன வீடு

வீட்டை விற்பதென்றால் வீடு அங்கேயே நிற்கும், மனிதர்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு வெளியேறுவார்கள் என்றுதான் நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1933-ஆம் வருஷம் இங்கிலாந்தின் வடபகுதியில், யார்க்ஷயரில் உள்ள கிரேட் ஏய்டன் என்ற கிராமத்தில் ஒரு சின்ன வீடு விலை போயிற்று. அதில் விஷயம் தலைகீழ். மனிதர்கள் அங்கேயே இருந்தார்கள். வீடு சாமான் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது.

அது போய்ச் சேர்ந்த இடத்தில்தான் நான் அதைப் பார்த்தேன். மெல்போர்ன் நகரத்தில் என் தங்கை குடியிருக்கிறாள். அவளைப் பார்க்கப் போயிருந்தபோது, அவள் பிள்ளை என்னைப் பிட்ஸ்ராய் தோட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். பெரிய பெரிய மரங்கள். நடுவே ஒரு வேலிக்குள், யாரோ குழந்தை விளையாடிவிட்டு மறந்துபோன பொம்மை மாதிரி ஒரு ஓட்டு வீடு. 'கேப்டன் குக் வீடு' என்று எழுதியிருந்தது. டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தோம்.

சொன்னால் சிரிப்பீர்கள். நான் வீட்டு அமைப்பு விஷயத்தில் கொஞ்சம் பைத்தியம். எந்த வீட்டுக்குள் போனாலும் கூடம் எங்கே, சமையற்கட்டு எங்கே, கொல்லைக்கு வழி எப்படி என்று மனசுக்குள் கோடு போட்டுப் பார்த்துவிடுவேன். இந்த வீடு என் கோட்டுக்குள் அடங்கவில்லை. கல்லும் செங்கல்லுமாகச் சுவர். குனிந்து நுழைய வேண்டிய வாசல். உள்ளே அடுப்படியே கூடம், கூடமே அடுப்படி. ஒட்டினாற்போல் ஓர் இடுக்கு அறை. ஒரு ஆள் ஏறினால் இன்னொரு ஆள் இறங்க முடியாத படி. மேலே படுக்கும் அறை. முன்னால் நினைத்துக் கட்டியது பாதி, பின்னால் வந்தவர்கள் வெட்டியும் ஒட்டியும் செய்தது பாதி என்று தோன்றிற்று. நூற்றெழுபத்தெட்டு வருஷம் ஒரு தெருவில் நின்ற வீடு வேறு எப்படி இருக்கும்?

"மாமா, குக் எந்த ரூமில் தூங்குவார்?" என்று பையன் கேட்டான்.

நியாயமான கேள்வி. ஆனால் பதில் சங்கடமானது. கேப்டன் குக் அந்த வீட்டில் குடியிருந்தவரே அல்ல.

ஜேம்ஸ் குக் 1728-இல் மார்ட்டன் என்ற ஊரில் பிறந்தார். அவர் தகப்பனார் பெயரும் ஜேம்ஸ்தான். ஸ்காட்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த பண்ணையாள். அவருக்கு 1736-இல் கிரேட் ஏய்டன் பக்கத்தில் ஏரிஹோம் என்ற பண்ணையில் காரியஸ்தர் வேலை கிடைத்தது. பண்ணையின் சொந்தக்காரர் ஸ்காட்டோ என்பவர் பையனின் பள்ளிக்கூடச் செலவை ஏற்றுக்கொண்டார். பையனுக்குப் பதினாறு பதினேழு வயதாகும்போது ஸ்டெய்த்ஸ் என்ற கடற்கரை ஊரில் ஒரு கடைக்கு வேலைக்கு அனுப்பினார்கள். கடையில் மனம் நிற்கவில்லை. ஒன்றரை வருஷத்தில் விட்பி துறைமுகத்துக்குப் போய் நிலக்கரிக் கப்பலில் வேலை பழகத் தொடங்கிவிட்டான்.

தகப்பனார் தம் கடைசிக் காலத்துக்கென்று கிராமத்துக்குள் ஒரு வீடு கட்டியது 1755-இல். வாசல் நிலைக்கு மேல் தம் பெயரின் முதல் எழுத்தையும், மனைவி கிரேஸின் முதல் எழுத்தையும், குடும்பப் பெயரின் முதல் எழுத்தையும், வருஷத்தையும் கல்லில் செதுக்கி வைத்தார். அதே 1755 ஜூன் மாதம் மகன் லண்டனில் ராஜாங்கக் கடற்படையில் சேர்ந்துவிட்டான். வீடும் மகனும் ஒரே வருஷத்தில் ஆளுக்கொரு திசையில் நிலைபெற்றார்கள் என்று சொல்லலாம்.

கிரேஸ் அம்மாள் பெற்றது எட்டுக் குழந்தைகள். பலர் சிறு வயதிலேயே போய்விட்டார்கள். அந்த அம்மாளும் 1765-இல் காலமாகி ஊர்க் கோயில் தோட்டத்தில் அடக்கமானாள். உலகத்தைச் சுற்றிவிட்டு 1771-இல் திரும்பிய மகன், அந்த வருஷக் கடைசியில் கர்ப்பிணி மனைவியோடு அப்பாவைப் பார்க்க ஊருக்கு வந்தார். அப்போது இந்த வீட்டில் வந்து தங்கியிருப்பார் என்பது ஏறக்குறைய நிச்சயம். குக்குக்கும் வீட்டுக்கும் உள்ள பந்தம் அவ்வளவுதான்: விருந்தாளியாகச் சில நாள்.

பிறகு கிழவர் ரெட்கார் என்ற ஊரில் மகள் வீட்டோடு போய்விட்டார். ஹவாய்த் தீவில் மகன் கொல்லப்பட்டது 1779 பிப்ரவரி 14. தகப்பனார் இறந்தது அதே வருஷம் ஏப்ரல் முதல் தேதி. செய்தி லண்டனுக்கு எட்டியதோ 1780 ஜனவரியில். மகன் எங்கோ கடலில் உயிரோடு இருக்கிறான் என்ற எண்ணத்தோடேயே கிழவர் கண்ணை மூடினார். அந்த வீட்டைப் பற்றி யாராவது கதை எழுதினால் அவரைப் பற்றித்தான் எழுத வேண்டும். பெயர்ப் பலகையில் அவருக்கு இடமில்லை.

இனிமேல்தான் கிரயம். 1933-இல் வீட்டுக்குச் சொந்தக்காரியாக இருந்த அம்மாள் அதை விற்க நினைத்தாள். ஒரே ஒரு நிபந்தனை: கட்டடம் இங்கிலாந்திலேயே இருக்க வேண்டும். உள்ளூரில் கேட்ட உச்ச விலை 300 பவுன். அப்போது உலகத்தின் அடுத்த கோடியிலிருந்து 800 பவுன் என்று ஒரு குரல் வந்தது. மெல்போர்னைச் சேர்ந்த ரஸ்ஸல் கிரிம்வேட் என்ற தனவந்தரின் குரல் அது. எண்ணூறு பெரிதுதான், ஆனால் நிபந்தனை குறுக்கே நிற்கிறதே? அந்த அம்மாளிடம் பேசிப் பார்த்தார்கள். 'இங்கிலாந்து' என்று இருப்பதை 'சாம்ராஜ்யம்' என்று மாற்றிக்கொண்டால் என்ன? ஆஸ்திரேலியாவும் சாம்ராஜ்யத்துக்குள்தானே இருக்கிறது? அவள் சம்மதித்தாள். ஒரு சொல் மாறியது. வீட்டுக்குப் பத்தாயிரம் மைல் தூரத்துக்கு வழி பிறந்துவிட்டது.

அந்த அம்மாள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. விற்கிறவன் போடும் நிபந்தனைகளின் கதி எனக்குத் தெரியும். எங்கள் பூர்விக வீட்டைக் கிரயம் செய்தபோது என் தகப்பனார், வாசல் வேம்பை மட்டும் வெட்டக் கூடாது என்று வாங்கியவரிடம் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "உங்கள் மரம் சார் அது, தொடுவேனா?" என்றார் அவர். மூன்றாவது மாசம் மரம் இல்லை. விற்கிறவன் நிபந்தனை போடுவது, விற்ற பிறகும் கொஞ்சம் நம்முடையதாக இருக்கட்டுமே என்ற ஆசையால். வாங்குகிறவன் தலையாட்டுவது, பேச்சுச் சீக்கிரம் முடியட்டுமே என்பதற்காக. அந்த யார்க்ஷயர் அம்மாளுக்காவது சொல்லை மாற்றும் முன் கேட்டுக்கொண்டார்கள்.

பிறகு வீட்டைப் பிரித்தார்கள். கல் கல்லாக, செங்கல் செங்கல்லாகப் பிரித்து, எங்கே இருந்ததோ அங்கேயே திரும்பப் போய் உட்கார வேண்டுமே என்று அடையாளம் போட்டு, 253 பெட்டிகளிலும் 40 பீப்பாய்களிலும் அடைத்தார்கள். சுவரில் படர்ந்திருந்த ஐவிக் கொடியிலிருந்து துண்டுகளையும் வெட்டி எடுத்துக்கொண்டார்கள். ஹல் துறைமுகத்திலிருந்து போர்ட் டுனீடின் என்ற கப்பலில் அத்தனையும் ஏறின. குக்குக்குச் சொந்தமில்லாத வீடு குக் போன திசையில் கடல் கடந்தது. 1934 அக்டோபரில் விக்டோரியா மாகாணத்தின் நூற்றாண்டு விழாவின்போது கிரிம்வேட் அதை மக்களுக்குத் தானமாக ஒப்படைத்தார்.

இந்த இடத்தில் நியாயமாக ஒரு சந்தேகம் வர வேண்டும். மெல்போர்னுக்கும் குக்குக்கும் என்ன சம்பந்தம்? அவர் அந்தக் குடாவுக்குள் நுழைந்ததே இல்லை. 1770 ஏப்ரலில் அவருடைய கப்பலிலிருந்து ஹிக்ஸ் என்ற அதிகாரி கீழ்க்கரையில் ஒரு முனையைப் பார்த்தார். அந்த முனை இன்று விக்டோரியாவின் எல்லைக்குள் இருக்கிறது. பார்த்தார்கள், பெயர் வைத்தார்கள், வடக்கே போய்விட்டார்கள். நூற்றாண்டு விழா என்பதும் குக்கைப் பற்றியதல்ல. 1834-இல் போர்ட்லண்டில் ஹென்டி என்ற குடியானவர் வந்து இறங்கியதைத்தான் தொடக்கமாகக் கணக்கு வைத்திருந்தார்கள். ஆனால் ஹென்டியின் பெயரைச் சொன்னால் கூட்டம் சேருமா? புது ஊருக்குப் பழைய பாட்டன் ஒருவன் வேண்டியிருந்தது. பாட்டன் வர முடியாது. பாட்டன் வீட்டை வரவழைத்துவிட்டார்கள்.

அந்த ஊருக்கு வேறொரு கிரயப் பத்திரமும் உண்டு. அதைப் படித்த பிறகு 800 பவுன் கதை எனக்கு வேறு மாதிரி தோன்ற ஆரம்பித்தது. 1835 ஜூன் மாதம் ஜான் பேட்மன் என்பவர் அந்தக் குடாக் கரைக்கு வந்து, உருண்ட்ஜெரி என்ற பூர்வகுடிகளின் பெரியவர்களோடு உட்கார்ந்து, சுமார் 6 லட்சம் ஏக்கர் பூமியைக் 'கிரயம்' வாங்கினார். விலை என்ன தெரியுமா? கம்பளிகள், கத்திகள், கோடாலிகள், கண்ணாடிகள், கத்தரிக்கோல்கள், சட்டைகள், கொஞ்சம் மாவு. வருஷா வருஷம் இன்னும் கொஞ்சம் அதே மாதிரி. பெரியவர்கள் பத்திரத்தில் குறி வைத்ததாகப் பேட்மன் சொன்னார். நிலத்தை விற்பது என்ற எண்ணமே அவர்களுக்குக் கிடையாது; வழிப்போக்கனுக்குத் தங்க அனுமதி கொடுக்கிற தங்கள் சடங்காகவே அதை நினைத்திருப்பார்கள் என்று சரித்திரக்காரர்கள் சொல்கிறார்கள். சில மாசத்துக்குள் கவர்னர் பர்க் அந்தப் பத்திரம் செல்லாது என்று பிரகடனம் செய்துவிட்டார். ஏமாற்றுக் கிரயம் என்பதற்காக அல்ல. நிலம் ஏற்கெனவே ராஜாவுக்குச் சொந்தம், விற்க அந்த ஜனங்களுக்கு உரிமையே இல்லை என்பதற்காக. ராஜாவுக்கு எப்படிச் சொந்தமாயிற்று? 1770 ஆகஸ்டில் ஒரு சிறு தீவில் கொடி ஏற்றி, கீழ்க்கரை முழுவதும் மூன்றாம் ஜார்ஜ் மன்னருடையது என்று அறிவித்தவர் குக்.

கல்லைக் கல்லாக எண்ணி, பெட்டியில் போட்டு, விற்றவளின் நிபந்தனையைக் கூடத் திருத்தி எழுதி, சட்டப்படி 800 பவுன் கொடுத்து வாங்கிய வீடு, எந்தக் கிரயமும் நிலைக்காத அந்த மண்மேல் உட்கார்ந்திருக்கிறது. 2014 ஜனவரியில் யாரோ இரவோடு இரவாக வந்து அதன் சுவரில் வர்ணத்தால் கோபமாக எழுதிவிட்டுப் போனார்கள். காவல்காரர்கள் துடைத்துவிட்டார்கள். பண்ணைக் காரியஸ்தர் கிழவர் பாவம், அவர் கட்டிய சுவர் இத்தனை வழக்குக்கும் நடுவே மாட்டிக்கொண்டது.

கிரிம்வேட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் வெறும் பணக்காரர் அல்ல. ரசாயனத் தொழிற்சாலைக்காரர், யூகலிப்டஸ் மரங்களின்மேல் மாளாத பிரியம் வைத்து, அவற்றைப் புகைப்படம் பிடித்துப் புத்தகமே போட்டவர். இங்கிலீஷ் வீட்டையும் ஐவிக் கொடியையும் தருவித்த மனிதர் சொந்த நாட்டு மரத்தில் உயிரை வைத்திருந்தார் என்பது எனக்குப் பிடித்த முரண்பாடு. அவர் 1955-இல் காலமானார். தாமும் மனைவியும் வாழ்ந்த 'மியகுன்யா' என்ற வீட்டைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதி வைத்திருந்தார். பிற்காலத்தில் பல்கலைக்கழகம் அந்த வீட்டை விற்றுவிட்டது. பெயர் மட்டும் அழகழகான புத்தகங்களின் முதல் பக்கத்தில் அச்சாகி வருகிறது.

தோட்டத்து வீட்டுக்குள் இப்போதிருக்கும் சாமான்களில் குக் குடும்பத்துடையவை சொற்பம். தொட்டிலும் கட்டிலும் பாத்திரமும் அந்தக் காலத்து மாதிரி என்று தேடிப் பிடித்து வைத்தவை. பையனிடம் நான் உண்மையைச் சொன்னேன். "குக் இங்கே இருந்ததில்லை. அவர் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள்."

அவன் கொஞ்சம் ஏமாந்து போனான். பிறகு, "அவா எங்கே தூங்கினா?" என்றான்.

மாடியைக் காட்டினேன். படியேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "ரொம்பச் சின்ன ரூம் மாமா. ஜன்னல் வழியா மரம்தான் தெரியறது" என்றான். யார்க்ஷயரில் அந்த ஜன்னல் வழியாகத் தெரு தெரிந்திருக்கும்.

வீடு போன பிறகு கிரேட் ஏய்டனில் அந்த இடம் வெறுமையாயிற்று. விக்டோரியாக்காரர்கள் அதற்கு ஈடாக ஒன்று அனுப்பினார்கள். ஹிக்ஸ் பார்த்த முனையின் பக்கத்திலிருந்து கருங்கல் வெட்டி எடுத்து, அங்கே குக்குக்காக நிறுத்திய ஸ்தூபியைப் போலவே ஒன்றைச் செய்து, வீடு நின்ற இடத்தில் 1934-இல் நாட்டினார்கள். ஐவிக் கொடியின் துண்டுகள் மெல்போர்ன் மண்ணில் வேர் பிடித்துக்கொண்டன.