கிளைக்கதை (ஒற்றர் சித்திரக்கதை)

ஒற்றர் சித்திரக்கதைகளில் தலைவனுக்குத் துணையாகவோ பகையாகவோ வந்து, வாசகர் மனத்தில் நெடுநாள் நின்றுவிட்ட ஒரு பாத்திரத்தின் பால்யத்தையும் யௌவனத்தையும் தனியே எடுத்து விரித்துரைக்கும் நூல் கிளைக்கதை எனப்படும். தமிழில் இவ்வகைக்கு முதன்மையான உதாரணம், சிவகாசியிலிருந்து வெளிவந்து பெரும் புகழ் பெற்ற ‘இரத்தப் படலம்’ என்னும் தொடரைச் சார்ந்த கிளைக்கதைகளே ஆகும்.

மூலக்கதை பெல்ஜியத்தில் தோன்றியது. கதாசிரியர் ழான் வான் ஹாம்மும் ஓவியர் வில்லியம் வான்ஸும் இணைந்து படைத்த அது, 1984-இல் ‘ஸ்பிரூ’ என்னும் வாரப் பத்திரிகையில் தொடங்கிற்று. கடற்கரையில் குண்டடிபட்டு ஒதுங்கிக் கிடக்கும் ஒரு வாலிபனை முதிய தம்பதியர் எடுத்துக் காப்பாற்றுகின்றனர்; அவனுக்குத் தன் பெயரோ ஊரோ நினைவில்லை; கழுத்தெலும்பருகே பச்சை குத்தப்பட்டிருக்கும் பதின்மூன்று என்னும் ரோமானிய எண் ஒன்றே அவனுக்குள்ள அடையாளம். அமெரிக்க ஜனாதிபதி ஒருவரின் கொலையில் தனக்குப் பங்குண்டோ இல்லையோ என்பதையும், தான் உண்மையில் யார் என்பதையும் அவன் தேடிச்செல்லும் விருத்தாந்தம் 2007-ஆம் ஆண்டு வரை 19 பாகங்களாக வளர்ந்தது. ராபர்ட் லட்லம் 1980-இல் எழுதிய நாவலொன்றின் சாயல் அதன் தொடக்கத்தில் உண்டு. எனினும் போகப்போக அது தன் வழியே நடந்து, எண்ணற்ற பாத்திரங்களைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது.

தலைவனே தன் பழங்கதையை அறியாதவன் ஆகையால், அவனைச் சூழ்ந்து நிற்போருடைய பழங்கதையிலும் வாசகருக்கு ஆவல் மிகுந்தது இயல்பே. அவனுடன் தோள்கொடுத்துப் போரிடும் ஜோன்ஸ் என்னும் கறுப்பினப் பெண் அதிகாரி, கொலையை விசாரிக்கும் கர்னல் ஆமோஸ், முதல் பாகத்திலிருந்தே அவனைக் கொல்லத் துரத்தும் ‘கீரி’ என்னும் கூலிக்கொலைஞன் ஆகியோர் எங்கே பிறந்து, எவரிடம் வளர்ந்து, எதனால் இப்படி ஆயினர் என்ற வினாக்களுக்கு மூலக்கதையில் இடமில்லை. அவ்விடத்தை நிரப்பவே 2008-இல் ஒரு தனி வரிசை தோன்றியது. வரிசை முழுவதற்கும் ஒரு நியதி வகுக்கப்பட்டது: பாகம் ஒன்றுக்குப் பாத்திரம் ஒன்று; அதனை எழுதுவோரும் வரைவோரும் ஒவ்வொரு முறையும் வேறாதல் வேண்டும். முதலாவதாகக் கீரியின் கதையை ஸாவியே டோரிசோன் எழுத, ரால்ஃப் மேயர் வரைந்தார். கொலைத்தொழில் புரியும் ஒருவனைச் சிறுவனாகக் காணும்போது வாசகன் உள்ளம் அடையும் கலக்கமே அந்நூலின் வெற்றி. அவன் செய்த பாவங்களை அது மன்னிக்கவில்லை, மறைக்கவும் இல்லை. 2010-இல் வந்த மூன்றாம் பாகம் ஜோன்ஸின் இளமையைக் கருஞ்சிறுத்தைகள் இயக்கத்தின் காலத்தில் வைத்துப் பேசிற்று.

தமிழுக்கு வருவோம். 1972-இல் சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸும், 1984-இல் அவர் புதல்வர் விஜயன் தொடங்கிய லயன் காமிக்ஸும் சிவகாசியை இத்துறையின் தலைநகராக்கின. லயன் காமிக்ஸின் முதல் இதழே மாடஸ்டி பிளைசி என்னும் பெண் ஒற்றரின் கதைதான்; அதே ஆண்டில் பிறந்த ராணி காமிக்ஸ் ஜேம்ஸ் பாண்டைக் கொண்டுவந்தது. இவற்றால் பண்பட்ட வாசகர்களிடத்தே எண்பதுகளின் பிற்பகுதியில் பெல்ஜியக் கதை வந்து சேர்ந்தபோது, அதற்கு ‘இரத்தப் படலம்’ என்று பெயர் சூட்டியவரின் ரசனையைப் போற்றாதிருக்க இயலாது. கம்பராமாயணத்தையும் கந்தபுராணத்தையும் படலம் படலமாகப் பகுத்துப் படித்த மக்களுக்கு அச்சொல் ஒன்றே, இது ஒரு நாளில் முடியும் கதையன்று, பொறுமையுடன் தொடர வேண்டிய காவியம் என்பதை உணர்த்திவிட்டது. 2010-இல் 18 பாகங்கள் ஒரே தொகுப்பாகவும், பின்னர் 2018-இல் வண்ணத்திலும் அச்சேறின. கீரியின் கிளைக்கதைக்குத் தமிழில் இட்ட பெயர் ‘விரியனின் விரோதி’; விலங்கின் பெயரைச் சொல்லாமலே விலங்கை உணர்த்தும் அத்தலைப்பு மூலத்தலைப்பினும் நயமுடையது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

இந்நூல்கள் பேருந்து நிலையக் கடைகளின் வழியாகவே சிற்றூர்களை அடைந்தன. சேலத்துக்கும் உளுந்தூர்ப்பேட்டைக்கும் இடையே பெருவழியில் அமைந்த கள்ளக்குறிச்சி அவ்வகையில் பேறுபெற்றது. அதன் மேற்கே எழும் கல்வராயன் மலையின் நிலை வேறு: சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கிய 1972-இல் அம்மலை இன்னும் ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது, 1976-இல்தான் ஜாகீர்கள் ஒழிந்து அது அரசாங்கத்தின் நேர்நிர்வாகத்தில் வந்தது. ஆயினும் தங்கள் முன்னோர் காஞ்சியினின்று வந்த சகோதரர் என்று பூர்வகதை சொல்லும் மலையாளிப் பழங்குடியினர் வாழும் அந்த மலைநாட்டில், இன்று காண்பவரின் நேற்றைய கதையைக் கேட்கும் வேட்கை எவரும் கற்பித்து வந்ததன்று.

கிளைக்கதை மேனாட்டிலிருந்து வந்த புதுமை என்பாருக்கு, கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கூவாகத்தைச் சுட்டுவதே தக்க விடை. வியாச பாரதத்தில் எட்டாம் நாள் போரில் மடிந்து மறையும் சிறுபாத்திரமான அரவானை, போருக்கு முன் தன்னையே களப்பலியாகத் தந்த வீரனாகத் தமிழ் மரபு வளர்த்தெடுத்தது. பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே அக்களப்பலி காணப்படுகிறது. சாகப்போகும் அவ்விளைஞனுக்கு மணமும் வேண்டும் என்று கருதி, கண்ணனை மோகினியாக்கி அவனுக்கு மனைவியாக்கினர் மக்கள். ஆண்டுதோறும் சித்திரைப் பௌர்ணமியில் கூவாகத்தில் திருநங்கையர் அரவானாகிய கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் கைம்மை பூணும் விழா அதன்வழி நிலைபெற்றது. அருச்சுனன் கதையில் ஓரத்தே நின்றவனைத் தெய்வமாகவே உயர்த்திய நிலத்தார்க்கு, ஒற்றன் கதையில் ஓரத்தே நின்ற ஜோன்ஸுக்கென ஒரு நூல் எழுந்தது வியப்பளிக்க நியாயமில்லை.

இவ்வகை பிற்காலத்தே ஆங்கிலத்திலும் பரவிற்று. அமெரிக்க நிறுவனமான டைனமைட், ஜேம்ஸ் பாண்ட் கதைகளில் மேசையருகே மட்டுமே காணப்பட்ட மணிபென்னிக்கு 2017-இலும், அவருடைய மேலதிகாரிக்கு 2018-இலும் தனி நூல் அளித்தது.

பெல்ஜிய வரிசையோ அதே 2018-இல் நிறைவெய்தியது. மூலக்கதைக்கு உருவம் தந்த வான்ஸ் அவ்வாண்டு மே மாதம் காலமானார். பிறர் கையிலேயே அதுவரை விடப்பட்டிருந்த கிளைக்கதைகளுள் இறுதியானதை மூல ஆசிரியர் வான் ஹாம் தாமே எழுதினார். அதற்கு அவர் தேர்ந்துகொண்டது, பெருங்கதையில் சிறிதளவே இடம்பெற்ற ஜூடித் வார்னர் என்னும் பெண்ணை. வரிசையில் அது பதின்மூன்றாவது நூல்.