மரத்துப்போன ஒரு மணி நேரம்

நோவின் வரலாற்றில் 1884ஆம் ஆண்டை இருமுறை குறிக்க வேண்டும். அவ்வாண்டு செப்டம்பரில் வியன்னா நகரத்து இளம் மருத்துவர் ஒருவர் மனிதக் கண்ணை ஒரு சொட்டு மருந்தால் மரத்துப்போகச் செய்தார். அதே ஆண்டு டிசம்பரில், பசிபிக் பெருங்கடலின் மொலோக்காய்த் தீவில் கொதிநீரில் கால் வைத்த குரு ஒருவர், தோல் கொப்பளித்தும் தம் கால் சுடவில்லை என்று கண்டார். முன்னவர் கார்ல் கோலர். பின்னவர் நாம் பீடத்தில் வைத்து வணங்கும் புனித தமியான். வலி இல்லாமற் போவது ஓரிடத்தில் மருந்தாகவும் மற்றோரிடத்தில் மரண அறிவிப்பாகவும் அமைந்த இந்த ஆண்டை வைத்தே வலியைப் பற்றிய நம் எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கலாம்.

கோலருக்கு முன் கண் அறுவை என்றால் என்ன என்பதை இன்று கற்பனை செய்வதும் கடினம். 1846இல் ஈதரும் அடுத்த ஆண்டில் குளோரோஃபாமும் வந்து மற்ற உறுப்புகளின் அறுவையை எளிதாக்கின. ஆனால் கண்ணுக்கு அவை அவ்வளவாக உதவவில்லை. மயக்கம் தெளிந்து எழும் நோயாளி குமட்டி வாந்தி எடுப்பார். அந்த முக்கலில் அறுத்த கண்ணே கெட்டுப்போகும். ஆதலால் பெரும்பாலும் விழித்திருப்பவரைப் பலர் பிடித்துக்கொள்ள, மருத்துவர் கத்தியை வைத்தார். நம் தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் (ஆட்சிக்காலம் 1798 முதல் 1832 வரை) தன்வந்திரி மகாலில் கண்நோய்க்கு மருத்துவம் செய்வித்து, நோயாளிகளின் கண்களை வண்ணத்தில் வரைந்து குறிப்பும் எழுதச் செய்தார். அவ்வேடுகள் சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் உள்ளன. சுவார்ட்ஸ் ஐயரின் பராமரிப்பில் வளர்ந்த அம்மன்னரின் அறிவார்வத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆயினும் அந்த அழகிய ஓவியங்களில் உள்ள ஒவ்வொரு கண்ணும், கத்தியைத் தாங்க வேண்டியிருந்தால், மரக்காத கண்ணாகவே தாங்கியிருக்கும். கண்ணை மரக்கச் செய்யும் மருந்து அன்று உலகில் எங்குமே இல்லை.

தென் அமெரிக்க மலைநாட்டார் மென்று வந்த கோகா இலையிலிருந்து பிரித்தெடுத்த கோகெய்ன், நாவில் பட்டால் நா மரத்துப்போகிறது என்பதைப் பலரும் கவனித்திருந்தார்கள். கோலரின் நண்பர் சிக்மண்ட் ஃபிராய்டு அதைப் பற்றிக் கட்டுரையே எழுதியிருந்தார். நா மரத்தால் கண்ணும் மரக்குமே என்று எண்ணியவர் கோலர். தவளையின் கண்ணிலும் முயலின் கண்ணிலும் சொட்டிப் பார்த்தார். பின்னர் தம் கண்ணிலேயே விட்டுக்கொண்டு, குண்டூசியின் தலையால் கருவிழியைத் தொட்டுப் பார்த்தார். வலிக்கவில்லை. 1884 செப்டம்பர் 15 அன்று ஐடல்பெர்க் நகரில் கூடிய கண் மருத்துவர் மாநாட்டில் இச்செய்தி வாசிக்கப்பட்டது. வாசித்தவர் கோலர் அல்லர், அவருடைய நண்பர். பயணச் செலவுக்குக் கோலரிடம் பணம் இல்லை. யூதராகப் பிறந்த அவரை உடன் பணியாற்றிய ஒருவர் இனப்பெயர் சொல்லி இழிவுபடுத்த, அது வாட்போரில் முடிந்தது. உலகத்தின் கண்வலியைத் தீர்த்தவருக்கு வியன்னாவில் நிலையான வேலை கிடைக்கவில்லை. 1888இல் அமெரிக்காவில் குடியேறினார். மாநாடுகளும் பட்டங்களும் யாருக்கு எளிதில் வாய்க்கின்றன என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

பின்னர் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். நியூயார்க்கின் ஆல்ஸ்டெட் என்னும் அறுவை மருத்துவர் நரம்புக்கருகே கோகெய்னை ஊசியால் செலுத்தி, கை முழுவதையும் தாடை முழுவதையும் மரக்கச் செய்தார். தம்மீதே சோதித்த அவரும் அவருடைய தோழர்களும் அம்மருந்துக்கு அடிமையானார்கள். 1898 ஆகஸ்டில் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே உணர்வை நீக்கினார். உண்மைதானா என்று அறிய அவர் தம் உதவியாளரின் கீழ்க்கால் எலும்பில் சுத்தியலால் அடித்தும் சுருட்டால் சுட்டும் பார்த்தார் என்பது வரலாறு. உதவியாளர் சிரித்தபடி இருந்தாராம். மறுநாள்தான் வலி தெரிந்தது. கோகெய்னின் நச்சும் அடிமைத்தனமும் இல்லாத நோவோகெய்னை 1904இல் ஐன்ஹார்ன் உருவாக்கினார். 1943இல் ஸ்வீடனில் லோஃப்கிரன், லுண்ட்குவிஸ்ட் என்னும் இருவர் லிக்னோகெய்னைக் கண்டார்கள். சைலோகெய்ன் என்ற பெயரில் 1948இல் கடைக்கு வந்தது. பல் பிடுங்கவும், கட்டி கீறவும், வெட்டுக்காயம் தைக்கவும், தேள்கடியின் கடுப்பைத் தணிக்கவும் இன்று நம் அரசு மருத்துவமனைகளில் போடப்படும் ‘மரத்துப்போகிற ஊசி’ அதுவே. நரம்பின் மெல்லிய சவ்வில் சோடியம் அயனிகள் நுழையும் நுண்ணிய வாயில்கள் உண்டு. மருந்து அவ்வாயில்களை அடைத்துவிடுகிறது. காயம் காயமாகவே இருக்கிறது. அதன் செய்தி மட்டும் மூளைக்கு எட்டுவதில்லை.

இதன் முழுப் பயனையும் ஏழைகளுக்குக் கொண்டுசேர்த்தவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், நம் பக்கத்து மண்ணின் மைந்தரான டாக்டர் கோ. வெங்கடசாமியைச் சொல்வேன். எட்டையபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918இல் பிறந்தவர். இளமையிலேயே முடக்குவாதம் தாக்கி அவருடைய விரல்கள் கோணிப்போயின. பேனா பிடிக்கவும் முடியாதிருந்த அக்கைகளைப் பழக்கி, கண்ணறுவைக் கத்தியைப் பிடிக்கச் செய்தார். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற 1976இல், 11 படுக்கைகளோடு மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 2006இல் மறையும் முன்பு அவர் தம் கையால் செய்த அறுவைகளே ஒரு லட்சத்தைத் தாண்டும் என்பர். அவர் நம் மறையைச் சேர்ந்தவர் அல்லர். அரவிந்தரின் வழியில் நின்றவர். தம் விரல்களின் வலி வாழ்நாள் முழுதும் தீராத ஒருவர், பிறர் கண்ணை வலியின்றித் திறந்தார் என்பதை நினைக்கும்போது, இறைவனின் வழிகள் நம் பங்கு எல்லைகளுக்குள் அடங்குவதில்லை என்றே தோன்றுகிறது.

நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கானோர்க்குக் கண்புரை நீக்க இயன்றது எப்படி? முழு மயக்கம் கொடுத்திருந்தால் இயன்றிருக்காது. கீழிமையின் ஓரத்தில் லிக்னோகெய்ன் ஊசி போட்டுச் சில நிமிடம் அழுத்திவிட்டால் கண் அசையாது, வலிக்காது. மயக்க மருத்துவர் ஒருவர் நோயாளியின் மூச்சைக் காத்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. அறுவை முடிந்த கிழவர் எழுந்து நடந்தே வருவார். இப்போது பலருக்கு ஊசிகூட இல்லாமல் சொட்டு மருந்தே போதுமானதாகிவிட்டது.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துக் கூமாப்பட்டி, 2025இல் கைப்பேசிக் காணொளிகளால் திடீரென்று தமிழகமெங்கும் பேர் பெற்றது. பிளவக்கல் அணையையும் தென்னந்தோப்புகளையும் பார்க்க வந்தவர்கள், அங்குள்ள முதியவர்களைப் பார்த்தார்களோ என்னவோ. அந்த வட்டாரத்தில் வத்திராயிருப்பு, கிருஷ்ணன்கோவில் வழியாக மதுரைக்குப் பேருந்தேறினால் பார்வை திரும்பும் என்று தெரிந்தும், ஆண்டுக்கணக்கில் திண்ணையிலேயே இருந்துவிட்ட பாட்டிமார் உண்டு. ‘கண்ணைத் தோண்டி வெளியே வைத்துத் துடைத்துவிட்டுத் திரும்ப வைப்பார்களாம், சாமி’ என்பார்கள். பெரும்பாலும் அவர்களைத் தடுத்தது செலவன்று, வலியைப் பற்றிய அச்சமே. கண்ணை யாரும் தோண்டுவதில்லை, ஊசி விழியைக் குத்துவதுமில்லை என்று எடுத்துச் சொல்ல ஓர் ஆள் இருந்தால், பாதி இருள் அங்கேயே நீங்கிவிடும்.

மருத்துவர் தர மறுக்கும் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நெல் அறுப்பில் தாள் பட்டோ, போரடியில் உமி விழுந்தோ கண் உறுத்திக்கொண்டு வருபவருக்கு ஒரு சொட்டு மருந்து விட்டதும் அக்கணமே வலி பறந்துவிடும். ‘இந்த மருந்தையே கொடுங்கள், வீட்டில் விட்டுக்கொள்கிறேன்’ என்று அவர் கெஞ்சுவார். கொடுக்க மாட்டார்கள். மரக்கச் செய்யும் சொட்டைத் தொடர்ந்து விட்டால் கருவிழியின் புண் ஆறாது, கண்ணே அழியும். தூசி எடுக்கும்வரை வலி இல்லாதிருப்பது நன்மை. அதற்குப் பிறகு வலி கண்ணுக்குக் காவல்.

அக்காவலை இழந்தவர் புனித தமியான். 1873 மே மாதத்தில் தொழுநோயாளரிடையே சென்று தங்கிய அவர், பன்னிரண்டாம் ஆண்டில் சுடுநீரால் தம் நிலையை அறிந்தார். 1889 ஏப்ரல் 15இல் இறந்தார். 2009இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அவரைப் புனிதராக அறிவித்தார். தொழுநோயில் மரத்துப்போதல் எத்தகைய கேடு என்பதை உலகுக்கு விளக்கிக் காட்டிய பெருமை நம் தமிழகத்துக்கு உண்டு. கொல்லிமலையில் மறைபணியாளர் குடும்பத்தில் 1914இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் அழுகி விழுகின்றன என்றே அன்று எல்லாரும் நம்பினார்கள். அவர் ஒவ்வொரு புண்ணாக ஆராய்ந்தார். சுடும் பாத்திரத்தைப் பிடித்ததால் வந்த புண், ஆணி ஏறிய செருப்போடு நாள் முழுதும் நடந்ததால் வந்த புண், உறங்கும்போது எலி கடித்ததால் வந்த புண் என்று தெரியவந்தது. வலி இல்லாததால் அவர்கள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவ்வளவுதான். வலிக்குப் பதிலாக எச்சரிக்கை தரும் கருவியை உருவாக்கப் பின்னாளில் அமெரிக்காவில் அவர் முயன்று தோற்றார். தோற்ற காரணம் சிந்திக்கத்தக்கது. கருவியை அணைக்க முடியுமென்றால், வேலைக்கு இடைஞ்சலான நேரத்தில் மனிதன் அதை அணைத்துவிடுகிறான்.

அப்படியானால் வலி இறைவனின் கொடை, அதை நீக்குவது தகாது என்று முடிவு கட்டலாமா? நம்மிடையே இன்றும் அப்படிப் பேசுவோர் இருக்கிறார்கள். பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணிடம் ஏவாளின் தண்டனையை நினைவூட்டுவார்கள். புற்றுநோயில் முனகுபவரிடம், வெள்ளைப்போளம் கலந்த திராட்சை இரசத்தை ஆண்டவர் ஏற்கவில்லையே என்பார்கள். அவ்வாறு சொல்பவருக்குப் பல்வலி வந்தால் அன்று மாலையே மருத்துவரைத் தேடுவார் என்பது வேறு செய்தி. ஆண்டவர் தமக்கென அதை மறுத்தார். பிறரிடம் அவர் காய்ச்சலைத் தணித்தார், கண்ணைத் திறந்தார், நோவைப் பொறுத்துக்கொள் என்று சொல்லி எவரையும் திருப்பி அனுப்பவில்லை.

திருச்சபையின் போதனை இதில் ஐயத்துக்கு இடம் தரவில்லை. வலியற்ற பேறுகாலம் விவிலியத்துக்கு முரணன்று என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1956 ஜனவரி 8இல் தெளிவுபடுத்தினார். இத்தாலிய மயக்க மருத்துவர்கள் எழுப்பிய மூன்று கேள்விகளுக்கு 1957 பிப்ரவரி 24இல் விடையளித்தார். வலிநீக்கத்தை மறுத்து நோவை ஏற்க வேண்டும் என்ற பொதுவான கடமை உண்டா என்பது முதற் கேள்வி. இல்லை என்றார். விருப்பத்தோடு ஏற்கும் துன்பத்துக்குப் பெருமதிப்பு உண்டு. ஆனால் அதை ஒருவர் தாமே ஏற்கலாமேயன்றிப் பிறர்மேல் சுமத்தக் கூடாது. தக்க காரணத்தோடு உணர்விழக்கச் செய்யலாமா, இறப்போரின் வலி தணிக்கும் மருந்து ஆயுளைச் சற்றுக் குறைத்தாலும் கொடுக்கலாமா என்பன மற்ற இரண்டு. உயிரைப் போக்குவது நோக்கமாயிராதவரை ஆகும் என்றார், நிபந்தனைகளோடு. நம் ஊசியைப் பொறுத்தவரை அந்த இரண்டாம் கேள்வி எழுவதே அரிது. நோயாளி விழித்திருக்கிறார், பேசுகிறார், அறுவை நடக்கும்போதே செபமாலையின் ஒரு பத்து முடிக்கிறார். முதுகில் போட்ட ஊசியால்தான் ஆயுள் முழுதும் இடுப்பு வலி என்று நம் தாய்மார் சொல்வதற்கு மருத்துவ ஆய்வில் ஆதாரம் இல்லை. சில நாள் தலைவலி சிலருக்கு வரலாம். பிள்ளை பெற்றபின் ஓய்வில்லாமல் சுமந்த குடங்களே அந்த இடுப்பு வலிக்குக் காரணம் என்று நான் சொன்னால், வீட்டு ஆண்களுக்குப் பிடிப்பதில்லை.

வலிநீக்கத்தைப் பற்றி இவ்வளவு சொன்னபின், கேரளத்தில் நடந்த ஒன்றை விட்டுவிட இயலாது. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மயக்க மருத்துவராயிருந்த டாக்டர் எம். ஆர். ராஜகோபால், புற்றுநோய் கண்ட கல்லூரிப் பேராசிரியர் ஒருவருக்கு வலி தாங்கிய நரம்பைத் தடுக்கும் ஊசியைப் போட்டார். வலி முற்றிலும் நின்றது. மீண்டும் எப்போது வர வேண்டும் என்று பேராசிரியர் கேட்டார். வர வேண்டியதில்லை, இது நோயைக் குணமாக்கும் சிகிச்சையன்று என்று மருத்துவர் விளக்கினார். தம் நோய் தீராதது என்பது அவருக்கு அதுவரை தெரியாது. அன்றிரவே அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். இதை ராஜகோபால் மறைக்கவில்லை. பல மேடைகளில் தாமே சொல்லியிருக்கிறார். நரம்பைப் பார்த்தேன், மனிதரைப் பார்க்கவில்லை என்பதே அவர் சொல்லிவரும் கருத்து.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1984இல் துன்பத்தைப் பற்றி எழுதிய திருத்தூது மடலில் உடலின் நோவையும் உள்ளத்தின் துன்பத்தையும் பிரித்துப் பேசுகிறார். லிக்னோகெய்ன் முன்னதற்கு மட்டுமே. நோவு நின்ற அந்த அமைதியில்தான் துன்பம் வாய் திறக்கிறது. அப்போது கட்டிலருகே ஆள் வேண்டும்.

1993இல் ராஜகோபாலும் தோழர்களும் கோழிக்கோட்டில் வலி மற்றும் ஆதரவு மருத்துவத்துக்கான சங்கத்தைத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் அப்பணி மருத்துவமனையைக் கடந்து மலபார் ஊர்களுக்குள் பரவியது. மருந்துப் பையோடு செவிலியர் வருவார்; உடன் வந்து நோயாளியின் அருகே அமர்ந்து பேசிக்கொண்டிருந்தவர்களோ பெரும்பாலும் மருத்துவம் படிக்காதவர்கள், அதே ஊர்க்காரர்கள்.