கார்கில் மலை ஏறாத போர் ஹெலிகாப்டர்

கார்கில் போர் என்றதும் போபர்ஸ் பீரங்கியும் மிராஜ் விமானமும்தான் பலருக்கு நினைவு வரும். அந்தப் போரில் ஹெலிகாப்டர்களும் குண்டு மழை பொழியப் போயின. ஆனால் விமானப்படை களமிறங்கிய மூன்றாம் நாளோடு அது நின்றுபோனது. ஏன் என்று பார்ப்போம்.

தரையில் சண்டையிடும் வீரர்களுக்கு மிக அருகிலேயே இருக்கும் எதிரியை வானிலிருந்து தாக்கி உதவுவதை நெருங்கிய வான் ஆதரவு என்கிறார்கள். ஜெட் விமானம் இலக்கைச் சில நொடிகளில் கடந்துவிடும். ஹெலிகாப்டரோ மலை மறைவில் காத்திருக்கும், மெதுவாக வரும், கீழே உள்ளவர்கள் காட்டும் பதுங்குகுழியைப் பார்த்துச் சுடும். அதுதான் அதன் பலம்.

1999ல் இந்தியாவிடம் மி-25, மி-35 என்ற ரஷ்யத் தாக்குதல் ஹெலிகாப்டர்கள் இருந்தன. 1987ல் அமைதிப்படையோடு இலங்கை சென்று, கடல்மட்டத்தை ஒட்டிய யாழ்ப்பாணத்தில் பறந்ததும் மி-25தான். கார்கில் கதை வேறு. எங்கள் அனுமந்தன்பட்டிக்குப் பக்கத்து மேகமலை சுமார் 5,000 அடி. கார்கில் சிகரங்களோ 15,000 அடியைத் தொடுபவை, அதாவது மூன்று மேகமலை உயரம்! அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்குதான். இறக்கைக்கும் பிடிப்பு குறைவு, என்ஜினுக்கும் சக்தி குறைவு. கவசம் சுமந்த கனமான மி-25, மி-35 அங்கே பயன்படவில்லை.

அதனால் ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிச் செல்லும் மி-17 ஹெலிகாப்டரில் ராக்கெட்டுகளைக் கட்டி அனுப்பினார்கள். மே 28 அன்று டோலோலிங் மலையைத் தாக்கப் போன அணியில் ஒன்றை, தோளில் வைத்துச் சுடும் ஸ்டிங்கர் ஏவுகணை வீழ்த்தியது. வெப்பத்தைத் தேடி வரும் ஏவுகணையை ஏமாற்றத் தீப்பொறி உமிழும் ஃபிளேர் கருவி அந்த ஹெலிகாப்டரில் இல்லை. ராஜீவ் புண்டீர், எஸ்.முகிலன், பிரசாத், சாஹு என்ற நான்கு வீரர்களும் உயிரிழந்தனர்.

அதன்பின் மி-17கள் தாக்குதலில் இருந்து விலக்கப்பட்டன. போர் விமானங்கள் ஏவுகணைக்கு எட்டாத உயரத்தில் பறந்து குண்டு வீசின. காலாட்படையோ பீரங்கிகளின் துணையோடு பாறை பாறையாக ஏறி, ஜூன் 13ல் டோலோலிங்கைக் கைப்பற்றியது.

இந்த அனுபவத்தில் பிறந்ததுதான் பெங்களூர் ஹெச்.ஏ.எல். உருவாக்கிய இலகு போர் ஹெலிகாப்டர். எடை அதிகபட்சம் 5.8 டன், ஏறக்குறைய மி-25ன் பாதி. 20 மி.மீ. துப்பாக்கி, 70 மி.மீ. ராக்கெட்டுகள், ஃபிளேர் எல்லாம் உண்டு. 2010 மார்ச்சில் முதன்முதலாகப் பறந்தது. 2022 அக்டோபர் 3ல் ஜோத்பூரில் 'பிரசண்ட்' என்ற பெயரோடு விமானப்படையில் சேர்ந்தது. 2025 மார்ச்சில் மேலும் 156 வாங்க ஒப்பந்தம் ஆனது.

இதனால் ஆபத்து தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 2022ல் தொடங்கிய உக்ரைன் போரில் ரஷ்யா நவீன கா-52 ஹெலிகாப்டர்களையே பல இழந்தது. தாழப் பறந்தால்தான் உதவ முடியும், தாழப் பறந்தால் ஏவுகணைக்கும் எட்டும். ஆனால் அந்த ஆபத்துக்குள் போகிறவர்களுக்கு, மலைக்கு ஏற்ற ஹெலிகாப்டரும் தற்காப்புக் கருவியும் முன்பே கையில் இருக்க வேண்டும். கார்கிலில் இருந்து ஜோத்பூர் வர நமக்கு 23 வருடங்கள் ஆயின.