மாதப் பெயர் இல்லாத வீதிகள்

"மார்க்கெட் எந்திரிச்சிருச்சு தம்பி." மதுரையில் இடம் பார்க்கப் போகிற யாரும் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் திரும்ப முடியாது. ஒத்தக்கடை டீக்கடையிலும் சொல்கிறார்கள், திருமங்கலம் பைபாஸிலும் சொல்கிறார்கள். எதை வைத்துச் சொல்றீங்க என்று கேட்டால் ஆளுக்கு ஒரு அடையாளம் வைத்திருக்கிறார்கள். பத்திர ஆபீஸில் டோக்கன் கிடைக்கவில்லை என்பார் ஒருவர். போன வருஷம் கேட்ட விலைக்கு இப்போது சென்ட் கிடைக்காது என்பார் இன்னொருவர். இந்த அடையாளங்கள் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. ஏன் என்று சொல்வதற்குச் சுமார் 180 வருஷம் பின்னால் போகவேண்டும்.

மீனாட்சி கோயிலிலிருந்து வெளியே நடந்து வாருங்கள். உள்ளே ஆடி வீதி. மதிலுக்கு வெளியே சித்திரை வீதி, பிறகு ஆவணி மூல வீதி, பிறகு மாசி வீதி. எல்லாம் மாதப் பெயர்கள், சாமி புறப்பாட்டின் கணக்கு. மாசி வீதியைத் தாண்டியதும் மாதங்கள் நின்றுவிடுகின்றன. அடுத்து வருவது மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி, அதற்கும் அப்பால் வெளி வீதி. இங்கே திடீரென்று மனிதர்கள் வந்துவிடுகிறார்கள். ஒருவர் வெள்ளைக்கார சர்வேயர், இன்னொருவர் மேஸ்திரி.

மாதப் பெயர்கள் முடிகிற இடத்தில்தான் நாயக்கர் காலத்துக் கோட்டை நின்றது. 19-ஆம் நூற்றாண்டு பிறந்தபோது அந்தக் கோட்டையால் யாருக்கும் பயன் இல்லை. பாளையக்காரர்களோடு நடந்த போர்கள் முடிந்துவிட்டன. சுவரைச் சுற்றியிருந்த அகழியில் சாக்கடைதான் தேங்கிக் கிடந்தது. 1809 முதல் 1811 வரை தென் மாவட்டங்களை உலுக்கிய காய்ச்சலில் மதுரையும் சிக்கியது. ஊருக்குள் நெரிசல், காற்றுக்கும் வழியில்லை. வெளியே விரியலாம் என்றால் சுவர் மறிக்கிறது.

1834-இல் கலெக்டராக வந்த பிளாக்பர்ன், சில வருஷங்களில் சுவரை இடிக்கத் தொடங்கினார். அவர் செய்த ஏற்பாடுதான் முக்கியம். சுவரை இடித்து, அந்த மண்ணைக் கொட்டி அகழியைத் தூர்த்துச் சமன் செய்பவர்களுக்கு அங்கேயே மனை. வேலையை மேற்பார்த்தவர்களின் பெயர்கள்தான் மாரட், பெருமாள் மேஸ்திரி என்று இன்றும் நம் முகவரிகளில் இருக்கின்றன. ஊர்க்காரர்கள் பிளாக்பர்னுக்கு நன்றி சொல்லி ஒரு விளக்குத்தூண் நட்டார்கள். ஜவுளி எடுக்கப் போகும்போது "விளக்குத்தூண்ல எறங்கிக்க" என்கிறோமே, அதுதான்.

மதுரையின் முதல் ரியல் எஸ்டேட் என்று நான் இதைத்தான் நினைக்கிறேன். அன்றைக்கு வழிகாட்டி மதிப்பு கிடையாது, வில்லங்கச் சான்று கிடையாது. ஆனால் ஊர் தேறிவிட்டதா என்று கண்ணாலேயே பார்க்க முடிந்தது. நேற்றுவரை நாற்றம் பிடித்த பள்ளமாக இருந்த இடத்தில் இன்று கூரை நிற்கிறதா? மனை கையில் வருவதற்கு முன்பே அதில் வியர்வை சிந்தியாக வேண்டும் என்பது அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே இருந்தது. வாங்கிப் போட்டுவிட்டுக் காத்திருப்பதற்கு அங்கே பெரிதாக வழியில்லை.

அடுத்த ஏற்றம் தண்ணீரால் வந்தது. 1895-இல் பெரியாறு அணை திறந்தது. மேற்கே ஓடிக்கொண்டிருந்த நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வைகைப் பக்கம் திரும்பியது. பேரணையிலிருந்து பிரிந்த கால்வாய் வாடிப்பட்டி, மேலூர்ப் பக்கம் நெல்லுக்கு நீர் கொண்டுபோனது. மானம் பார்த்த புஞ்சை நஞ்சையானது. அதே காலத்தில் ரயிலடிக்கு அருகே ஹார்வி மில் வந்து, சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஆட்களை இழுத்தது. பின்னாளில் ஆலைத் தொழிலாளர்களுக்கென்றே திருப்பரங்குன்றம் அருகே ஹார்விபட்டி எழுந்தது. அப்போதும் நிலத்தின் மதிப்பு ஏறியது, அந்த நிலத்தில் ஏதோ ஒன்று நடந்ததால்தான். நெல் விளைந்தது, தறி ஓடியது, ஆள் குடியிருந்தது.

நம் காலத்துக் கதை வேறு மாதிரி. 2004 ஜூலையில் உயர்நீதிமன்றக் கிளை உலகனேரியில் திறந்தது. கிழக்குப் பக்கம் ஒரே நாளில் கவனத்துக்கு வந்தது. பெரியாறுக் கால்வாய் பாய்ந்த வயல்களிலேயே மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள் முளைத்தன. தெற்கே தோப்பூரில் 2019 ஜனவரியில் எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஆஸ்பத்திரிக் கட்டடம் எழுவதற்குப் பல வருஷம் முன்பே "எய்ம்ஸ் மிக அருகில்" என்று பேனர் எழுந்துவிட்டது.

என் சித்தப்பா 2012-இல் ஒத்தக்கடை தாண்டி 5 சென்ட் வாங்கினார். பஞ்சாயத்து அப்ரூவல். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு இல்லை, அது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் வேலை என்பதெல்லாம் அப்போது யாரும் பேசாத விஷயம். 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. வயல்கள் கண்மண் தெரியாமல் மனையாவதை நிறுத்த வேண்டும் என்று தொடர்ந்த வழக்கு அது. இரண்டு மாதத்தில், நவம்பர் 8 அன்று, பணமதிப்பிழப்பு. மகள் காலேஜ் பீஸுக்காக இடத்தை விற்கக் கிளம்பிய சித்தப்பா, கடைசியில் சித்தியின் நகையை அடகு வைத்தார். "எடம் இருக்கு, ஆனா எடம் இல்ல" என்பார் அவர். அந்த நாட்களில் தமிழ்நாடு முழுக்க ஏராளமான வீடுகளில் இதே பேச்சுத்தான்.

2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட மனைகளைக் கட்டணம் கட்டி முறைப்படுத்திக்கொள்ளலாம். ஜூனில் அரசு வழிகாட்டி மதிப்பை 33% குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1%-லிருந்து 4% ஆக்கியது. 2023 ஏப்ரலில் மதிப்பு பழைய நிலைக்கே திரும்பியது, கட்டணம் 2% ஆனது. அந்த மாற்றம் பிறகு நீதிமன்றப் படியேறியது தனிக்கதை.

இதைக் கணக்காகப் பாருங்கள். 10 லட்சம் வழிகாட்டி மதிப்புள்ள ஓர் இடம். 2017-க்கு முன் முத்திரைத்தாள் 7%, கட்டணம் 1%, ஆக 80,000 ரூபாய் செலவு. 2017-க்குப் பின் மதிப்பு 6.7 லட்சம், 11% என்றால் 73,700. 2023-இல் மறுபடி 10 லட்சம், 9% என்றால் 90,000. இடம் அதே இடம்தான், ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. அரசுக்கு வரும் வருமானம் மட்டும் ஏறுகிறது. இதை எடுத்துக்காட்டி மார்க்கெட் எழுந்துவிட்டது என்று ஒருவர் சொன்னால், எழுந்தது எது? டோக்கன் கூட்டமும் அப்படித்தான். ரேட் ஏறப்போகிறது என்ற வதந்தி வந்தாலே பத்திர ஆபீஸ் வாசல் நிரம்பிவிடும். பயத்தின் கூட்டமும் நம்பிக்கையின் கூட்டமும் தூரத்திலிருந்து பார்க்க ஒன்றுபோலத்தான் தெரியும்.

2008 சரிவுக்குப் பிறகு அமெரிக்காவில் வீட்டுச் சந்தை தேறுகிறதா என்று பார்த்தவர்கள், விற்பனையை மட்டும் எண்ணவில்லை. மாதாமாதம் எத்தனை புது வீடுகளுக்கு வேலை தொடங்கியது என்ற கணக்கையும் கையில் வைத்திருந்தார்கள். நம் ஊரில் அதை எண்ணுவதற்கு ஒரு சாயங்காலம் போதும். சித்தப்பா மனை இருக்கும் பிரிவில் மொத்தம் 60 மனை. வரன்முறை ஆகிவிட்டது, விலை மூன்று மடங்கு என்கிறார்கள், மூன்று கை மாறிய மனைகளும் உண்டு. போன மாதம் ஏழு மணிக்குப் போய் நின்று பார்த்தேன். விளக்கு எரிந்தது நான்கு வீட்டில். மிச்சமெல்லாம் கருவேலம். அதே நேரம் சிலைமான் பக்கம் ஒரு சின்னப் பிரிவில், யாரும் பேனர் வைக்காத இடத்தில், போர் போடுகிற லாரி நிற்கிறது, கம்பி கட்டுகிறார்கள், ஒரு அக்கா வாசலில் இட்லிக் கடை போட்டிருக்கிறார். எழுந்த மார்க்கெட் அதுதான் என்பேன்.

இன்னும் ஒன்றையும் எண்ண வேண்டும். தல்லாகுளம், சொக்கிகுளம், பீபிகுளம், ஆத்திகுளம், உலகனேரி: வடகரையின் பெயர்களில் பாதி தண்ணீர். பிளாக்பர்ன் காலத்து ஜனம் தூர்த்தது செத்த அகழியை. நாம் தூர்த்ததில் உயிரோடு இருந்த கண்மாயும் அதன் வரத்துக்காலும் அடக்கம். 2024 அக்டோபர் மழையில் செல்லூர்த் தெருக்களில் தண்ணீர் புகுந்தபோது, அது தன் பழைய வழியைத்தான் தேடி வந்தது.

ஆகவே, இடம் பார்க்கப் போகிற வயதில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். தாய்ப்பத்திரம் பாருங்கள், வில்லங்கம் போட்டுப் பாருங்கள், டிடிசிபி எண்ணைச் சரிபாருங்கள். பிறகு, பகலில் காட்டிய இடத்துக்கு ராத்திரி ஒருமுறை தரகர் இல்லாமல் போங்கள். எத்தனை விளக்கு எரிகிறது என்று எண்ணுங்கள். அங்கே யாராவது பெரியவர் உட்கார்ந்திருந்தால், மழை பெஞ்சா தண்ணி எந்தப் பக்கமா போகும்ணே என்று கேளுங்கள். அவர் யோசிக்காமல் கை காட்டினால், அந்தப் பக்கம் மனை இல்லாமல் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு வாருங்கள்.